சமுத்திரமும் ரசஞ்சாதமும்

...ரசத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, புளி, தக்காளி, ஒரு கரண்டிப் பொடி, துளி பெருங்காயம், அவ்வளவுதானே, அதைப் போய் இந்த மனுஷர் சமுத்திரத்தோடு சேர்த்து வைத்து இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்லப்போகிறார், போன வாரம் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே யாரிடமோ சொன்னார், அதற்கு முன்னால் கீழ்வீட்டு சர்தார்ஜியிடம் ஹிந்தியில் சொல்லி, ரசத்துக்கு வார்த்தை கிடைக்காமல் திண்டாடினார், இன்றைக்கு சந்திரமௌலி அகப்பட்டிருக்கிறார்... ருக்மிணி வாழைக்காய்ச் சீவலை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டாள். தில்லியில் அந்த ஜனக்புரி ஃப்ளாட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான், அங்கே பேசுவது அத்தனையும் இங்கே விழும், இங்கே நினைப்பது மட்டும் அங்கே விழாது. கூடத்து டி.வி.யில் அந்தமான் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் புருஷர் பத்மநாபன் மொபைலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார், படத்துக்கு ஒரு பிரசங்கம். "இது பாரு மௌலி, எங்க காட்டேஜ் வாசல். பத்தடில சமுத்திரம். நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்துட்டா மடியில தட்டு, தட்டுல ருக்கு கையால ரசஞ்சாதம். சொர்க்கம்னா வேற என்ன, சொல்லு." சந்திரமௌலி அவரோடு ஒரே மினிஸ்ட்ரியில் குப்பை கொட்டி ஒரே வருஷத்தில் ரிடையர் ஆனவர், நண்பர் எதைச் சொன்னாலும் ஆஹா போடுவார். "குடுத்துவெச்சவன்டா நீ" என்றார். அவர் மனைவி கோமதியும் உச்சுக் கொட்டினாள். பஜ்ஜி எண்ணெயில் புரண்டு படுத்தது. இந்த ஆஹாவும் உச்சும் எங்கே போய் முடியும் என்று ருக்மிணிக்குத் தெரியும், காலையிலேயே போனில் பேசிக்கொண்டுவிட்டார்கள், பிப்ரவரியில் அதே தீவுக்கு, அதே காட்டேஜுக்கு, இந்த முறை நாலு பேராக. இன்றைக்கு டிக்கெட் போடத்தான் வந்திருக்கிறார்கள்.

போன முறை போனது ஓய்வுக்காக. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜமாகவே ஓய்வுக்காகத்தான். ஆகஸ்டில் ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, டிஸ்பென்ஸரிக்குப் போனால் டாக்டரம்மா பட்டையைச் சுற்றி இரண்டு தரம் பிரஷர் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள், இரண்டே பேர் என்றதும், இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு பிரஷரா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோடா ஆராம் கீஜியே என்றாள். ஆராம், ஓய்வு. அந்த வார்த்தையைப் பெங்களூரில் இருக்கும் பெண் ஜ்யோத்ஸ்னா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் பாதிக்குமேல் ஹிந்தி. "மம்மா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், பஸ், அவ்ளோதான், ஒரு சேர்ல உக்காந்து கடலைப் பாரு" என்று அவளே தேடி, போர்ட் ப்ளேரிலிருந்து கப்பலில் போகிற ஒரு சின்னத் தீவில் காட்டேஜ் போட்டுக் கொடுத்தாள். பிளேன் செலவுக்கு ருக்மிணியின் எல்.டி.சி. இருந்தது. சர்க்கார் தன் ஊழியரைக் குடும்பத்தோடு ஊர் பார்த்துவிட்டு வரச்சொல்லிக் கொடுக்கிற அந்தச் சலுகையை அவள் எந்தக் காலத்தில் ஊர் பார்க்கச் செலவழித்திருக்கிறாள்... கும்பகோணம், கும்பகோணம், மறுபடி கும்பகோணம், மாமனாரின் சதாபிஷேகம், மச்சினர் பிள்ளையின் பூணூல், மாமியாரின் காரியம், போய் இறங்கியதும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் நுழைந்தால் திரும்ப ரயில் ஏறும்போதுதான் வெளிச்சத்தைப் பார்ப்பாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கடல். ஜனவரியில் அந்தச் சலுகைக்குப் புது ப்ளாக், புதுக் கணக்கு, பிறக்கிறது, அடுத்த வருஷக் கடைசியில் அவளுக்கு ரிடையர்மென்ட், ஆகவே பிப்ரவரியில் போகப்போவதுதான் அவளுடைய கடைசி எல்.டி.சி. காலையிலிருந்து அவள் இதையேதான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்தக் கடலை அவள் பார்க்கவேயில்லை. பார்த்தாள்தான், கண் இருக்கிறது, தெரியாமல் என்ன, ஆனால் திரும்பி வந்த அன்றைக்கு ஜ்யோத்ஸ்னா போனில், மம்மா, தண்ணி என்ன கலர், நீலமா பச்சையா என்று கேட்டபோது நன்னா இருந்ததுடி என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு நினைவிருப்பது பாத்ரூம் டைல்ஸின் நிறம். வெளிர் ரோஜா, ஓரத்தில் ஒரு டைலில் கீறல். பெட்டிக்குள் எலெக்ட்ரிக் குக்கரும் தீவுக்கு வந்திருந்தது, அவருடைய வயிற்றுக்காக. அந்த வயிறு ஒரு விசித்திரமான வயிறு, ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக்கில் கையலம்பாத ஒருத்தன் போட்டுக் கொடுக்கும் சோலே பட்டூராவை முழுங்கும், மேலே ஒரு லஸ்ஸியும் இறக்கும், ஒரு ஏப்பத்தோடு எல்லாம் அடங்கிவிடும், ஆனால் அதே வயிறு ரயில் ஏறினாலோ பிளேன் ஏறினாலோ நோஞ்சானாகிவிடும், வெளிச்சாப்பாடு ஒத்துக்காது. அறைக்குள் சமைக்கக் கூடாது என்று காட்டேஜின் வங்காளி மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார், சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தது. பத்மநாபன் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவர், விதி என்றால் மதிப்பார். ஜி, பில்குல் என்று தலையை ஆட்டி மேனேஜரை அனுப்பிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து, "நன்னா இழுக்கறது" என்றார். அப்புறம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விட்டார்.

நன்றாகத்தான் இழுத்தது. அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு வந்து, வாஷ்பேசினுக்குப் பக்கத்துத் திட்டில் குக்கரை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி... ஐம்பத்தொன்பது வயசில், செக்ஷன் ஆபீசர், அவள் கையெழுத்தில்லாமல் ஒரு ஃபைல் அந்த செக்ஷனைத் தாண்டாது, வேலைக்காரப் பெண் வாளியோடு வராந்தாவில் நடக்கிற சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். கடுகு தாளித்தால் வாசனை போகும் என்று தாளிக்கிறபோது ஷவரைத் திறந்துவிடுவாள், என்ன புத்திசாலித்தனம், தண்ணீர் கொட்டினால் வாசனை போய்விடுமா. காய்த் தோலைப் பேப்பரில் சுற்றி ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு போய்ப் படகுத்துறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். தீவில் கரண்ட் நினைத்தபோது போகும், சாதம் பாதி வெந்து நின்றுவிடும், வந்ததும் மறுபடி போட்டால் அடி குழையும் மேலே நறுக்கென்று நிற்கும், அதற்கு அவர் முகம் கொஞ்சம் சுண்டும், ஒன்றும் சொல்லமாட்டார், அந்த ஒன்றும் சொல்லாததுதான்... பாத்ரூமில் உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, சாய்த்துத் திறக்கிற கண்ணாடி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் கை அகலத்துக்குக் கடல் தெரியும். சாதம் வேகிற நேரத்தில் ஏறி நின்று பார்ப்பாள். அந்தக் கை அகலத்தில் சில சமயம் அவர் வருவார், அரை நிஜாரும் பனியனுமாக, முழங்கால் தண்ணீரில் நின்று யாரோ மராத்திக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார், சிரிப்பார், அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிதாக இருக்கும், இப்படிக்கூடச் சிரிப்பாரா இந்த மனுஷர் என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே குக்கர் டிக் என்று சொல்லும். இறங்கிவிடுவாள்.

சரி, சாப்பாடே கிடைக்காத தீவா அது. படகுத்துறையிலிருந்து நாலு கடை தள்ளித் தமிழில் போர்டு வைத்திருந்தது, வீட்டுச் சாப்பாடு என்று, நாலு பெஞ்சு, வாழையிலை, வாசலில் கோவிந்தம்மாள் என்கிற அந்த அம்மாள் நின்று, இவர்கள் தமிழ் பேசிக்கொண்டு போவதைக் கேட்டுவிட்டு முதல் நாளே கூப்பிட்டாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் போனவர்களாம். "வாங்கம்மா, சாப்ட்டுப் போங்க. மீனுக்குத் தனி அடுப்பு, சைவத்துக்குத் தனி அடுப்பு, எங்க கடையில கலக்க மாட்டோம்" என்றாள். உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்தது, முருங்கைக்காய் சாம்பார், ருக்மிணிக்கு வாயில் ஜலம் ஊறியது, நிஜமாகவே ஊறியது, இன்னொருத்தி வைத்த சாம்பாரை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்கூட. பத்மநாபன் எட்டி உள்ளே பார்த்தார், மேலே பார்த்தார், தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் தினமும் காய்த்தோல் பொட்டலத்தோடு அந்தக் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். கோவிந்தம்மாள் ஒருநாள், "என்னம்மா, பட்டினியாவா கிடக்கீக?" என்று சிரித்தாள். இல்லை, வயிறு சரியில்லை, கஞ்சிதான் என்று ருக்மிணி புளுகினாள். ஏன் புளுகினாள், உண்மையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும், பாத்ரூமில் சமைக்கிறேன் என்று சொல்ல வெட்கமா, இல்லை, புருஷரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற அந்தப் பாழாய்ப்போன பழக்கமா... பஜ்ஜி ஒரு பக்கம் கறுத்துவிட்டது. எடுத்துத் தனியாகத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு விடிகாலை மட்டும். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், இவளுக்கு விழிப்பு வந்துவிட்டது, நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். யாரும் இல்லை, ஒரு பெண்பிள்ளை மட்டும் தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். இவள் வயதுதான் இருக்கும், சல்வார் கமீஸோடு, குஜராத்திப் பக்கமோ என்னவோ, கையிரண்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அலை வந்தால் ஏறி அலை போனால் இறங்கி, யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதுபோல அப்படி ஒரு கிடை. முதலில் ருக்மிணி பயந்துவிட்டாள், உயிர் இருக்கிறதா என்று. அப்புறம் அந்தப் பெண்பிள்ளை கண்ணைத் திறந்து இவளைப் பார்த்து, ஆயியே, ஆயியே, பானி கரம் ஹை என்றாள். இவள் சிரித்தாள், ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், தண்ணீர் நிஜமாகவே வெதுவெதுவென்று இருந்தது, முழங்கால் வரை போனாள், நைட்டி நனைந்து காலில் ஒட்டியது, இன்னும் கொஞ்சம் போனால் உட்கார்ந்துவிடலாம், உட்கார்ந்தால் படுத்துவிடலாம், மேலே வானம் மட்டும்தான்... பருப்பு ஊறப்போடவில்லையே என்று நினைவு வந்தது. யார் அந்த நினைவைக் கொண்டுவந்து போட்டது என்று தெரியவில்லை, எங்கிருந்தோ வந்து விழுந்தது. பாதிக் கரண்ட் நேரத்தில் ஊறாத பருப்பு வேகாது. அவள் திரும்பி நடந்தாள். அந்தப் பெண்பிள்ளை பின்னாலிருந்து ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. பொறாமை என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நகையைப் பார்த்து வராத பொறாமை, வீட்டைப் பார்த்து வராத பொறாமை, தண்ணீரில் சும்மா கிடந்த ஒருத்தியைப் பார்த்து வந்தது.

"மாமி, நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று திரையை விலக்கிக்கொண்டு கோமதி வந்தாள். பண்ணட்டுமா என்று கேட்பவர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள், அவளும் ஒரு பஜ்ஜியை எடுத்து ஊதிக் கடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றாள். முழங்கால் வலி அவளுக்கு, இந்தப் புகையும் குளிருமான மாதத்தில் வெளியே போனால் இருமல் வேறு, கடல் காற்று நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களாம். "நான் அப்படியே கடலைப் பாத்துண்டு உக்காந்துடப் போறேன் மாமி. நாலு நாளும் எழுந்துக்கவே மாட்டேன்" என்றாள். ருக்மிணி சிரித்துவைத்தாள். கோமதி கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்காத்துல பெரிய எலெக்ட்ரிக் குக்கர் ஒண்ணு இருக்கு, அதைக் கொண்டுவரட்டுமா? உங்களோடது ரெண்டு பேருக்குத்தானே போறும். நாலு பேருக்குத் தனித்தனியா வெச்சா உங்களுக்குத்தான் கஷ்டம், பாவம்." எவ்வளவு அக்கறை. ருக்மிணியின் கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது. கோமதி மேலே சொல்லிக்கொண்டே போனாள், இவர் உங்க ரசத்துக்காகத்தான் வரார் மாமி, கடலெல்லாம் சும்மா பேருக்கு, அப்பளம் நான் சுட்டுக் கொண்டுவந்துடறேன், ஊறுகாயும் என் பொறுப்பு... அப்பளம் அவள் பொறுப்பு, ஊறுகாய் அவள் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்து அறை, இரண்டு பாத்ரூம், இரண்டு குக்கர், வாளியும் இரண்டு இருக்கும், கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் கடைசி எல்.டி.சி.யும் அந்த ரோஜா டைல்ஸுக்குள்தான் போகும், அப்புறம் சர்க்காரும் கொடுக்காது, யாரும் கொடுக்கமாட்டார்கள், பத்மநாபன் ரிடையர் ஆனவர் ஊர் சுற்றக் கூடாது என்பார், செலவு என்பார், கால்வலி என்பார், மல்லாந்து படுக்கிற வயசும் போய்விடும்.

பஜ்ஜித் தட்டை ஒரு கையிலும் காபி டபரா அடுக்கிய தட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சொந்தப் புருஷரிடம் ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு படபடப்பா, ஜாயிண்ட் செக்ரட்டரியிடம் நேருக்கு நேர் இந்த நோட்டில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னவள் அவள். சந்திரமௌலி மொபைலில் பிளேன் நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பத்மநாபன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி.யில் ஒரு படம் நின்றிருந்தது, காலி நாற்காலி, அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, பின்னால் கடல். கடல் பச்சையாகத்தான் இருந்தது. அவள் தட்டுகளை டீப்பாயில் வைத்தாள், காபியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள், கொடுத்து முடித்த பிறகு உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள், "நான் வரேன். ஆனா அங்க வந்து சமைக்கமாட்டேன்." சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது, கொஞ்சம் கீச்சென்று. கோமதி காபியை உறிஞ்சுவதை நிறுத்தினாள். சந்திரமௌலி சிரிக்கலாமா வேண்டாமா என்று பத்மநாபனின் முகத்தைப் பார்த்தார்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்குத் தயாராகத்தான் நின்றாள், பதிலுக்கு என்னென்ன சொல்வது என்று பஜ்ஜி போடும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள், பட்டூரா, மேனேஜர், காய்த்தோல், எல்லாம். ஆனால் பத்மநாபன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை, உண்மையாகவே புரியாத பார்வை, ஃபைலில் சம்பந்தமில்லாத ஒரு காகிதம் இருந்தால் பார்ப்பாரே, அப்படி. "உன்னை யாரு சமைக்கச் சொன்னா?" என்றார். "நானா சொன்னேன்? நீதானே குக்கரை எடுத்துண்டு வந்தே. நான்கூட நினைச்சேன், ஏண்டா இவ இங்க வந்தும் இப்படி அவஸ்தைப்படறாளேன்னு." குரலில் வருத்தம்கூட இருந்தது. "அதானே" என்றாள் கோமதி, அவளுக்குத் தெரியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது போலிருந்தது, உடனே பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். "அப்போ ஹோட்டல்லயே சாப்டுக்கலாம், எனக்கென்ன" என்றார் பத்மநாபன், சொல்லிவிட்டு வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டார். "ஏதாவது கிடைக்கும்." சந்திரமௌலி, "அந்த ரசம் மட்டும் ஒரு வேளைக்கு, மன்னி" என்று ஆரம்பித்து, மனைவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ருக்மிணியும் சிரித்தாள், காலி பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

சொல்லியிருப்பார். சொல்லாமல் எப்படி இருப்பார், முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது, சமையல் பண்ணு என்று, அடுப்பை மூட்டு என்று, எழுந்திரு என்று... அவள் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்று தேடினாள். கல்யாணமான புதிதில் கரோல் பாக்கில் அந்த மாடி அறை, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆபீஸிலிருந்து வந்து இறங்குவார்கள், அவர் பேப்பரைப் பிரிப்பார், அவள் புடவைகூட மாற்றாமல் ஸ்டவ்வைப் பற்றவைப்பாள், அப்போது சொல்லியிருப்பாரோ. இல்லை. பசிக்கறதே என்றார். பசிக்கிறது என்று சொல்வது குற்றமா. ஜ்யோத்ஸ்னா வயிற்றில் இருந்தபோது ஜுரம் வந்து கிடந்தாளே, அப்போது, நீ படுத்துக்கோ, நான் ஏதாவது பாத்துக்கறேன் என்று தங்கமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார், அந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, நின்றுகொண்டே இருந்தார், கடைசியில் அவளே எழுந்து வந்து பாலை எடுத்தாள். எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை. தீவுக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கு... அன்றைக்காவது... அவர் வீட்டிலேயே இல்லையே. தயிர் வாங்க மதர் டெய்ரிக்குப் போயிருந்தார். அவள்தான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து குக்கரை இறக்கினாள், துண்டில் சுற்றினாள், ரசப்பொடியை இரண்டு கவர் போட்டுக் கட்டினாள், அரிசியை அளந்தாள். திரும்பி வந்தவர் பெட்டி மூடாமல் அவள் திணறுவதைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், அவர் கனத்தில் அது மூடியது, அவள் குனிந்து பூட்டினாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு கட்டளை இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பிப் போகலாம், இதோ, இன்ன வருஷம் இன்ன நாள் நீங்கள் சொன்னது என்று, அவர் முகத்தில் எறியலாம், அழலாம், ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். ஒன்றும் இல்லாத இடத்தில் எதை எறிவது... அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கசந்தது, முப்பது வருஷமாக அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அப்படியானால் அவளை இத்தனை வருஷமாக எழுப்பிக்கொண்டு போய் அடுப்பின் முன்னால் நிறுத்தியது யார், முழங்கால் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது யார், அவர்தானா, இல்லை, அவர் பேச்சை அவருக்குப் பதிலாக உள்ளேயிருந்து பேசிக்கொண்டேயிருக்கிற இன்னொருத்தியா, அப்படி ஒருத்தி இருந்தால் அவளை எந்தத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. "மன்னி, பிப்ரவரில எந்த வாரம்னு சொல்லுங்கோ, லீவு உங்களுக்குத்தானே வேணும்" என்று சந்திரமௌலி கூப்பிட்டார். "இருங்கோ, வரேன்" என்றாள். எந்த வாரம், இரண்டாவது வாரமா, மூன்றாவதா, வரவேயில்லை என்று சொல்லிவிடலாமா, இல்லை, நான் மட்டும் போகிறேன் என்று... அப்போதுதான் ஏதோ தீய்கிற வாசனைபோல வந்து குனிந்து பார்த்தாள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. எப்போது ஃப்ரிட்ஜைத் திறந்தாள், எப்போது பற்றவைத்தாள், ஒன்றும் நினைவில்லை, பக்கத்தில் நாலு டம்ளர் துடைத்து வரிசையாக வைத்திருந்தது, ஃபில்டரில் புதுப் பொடி போட்டு வெந்நீர்கூட விட்டிருந்தது. இன்னொரு காபி வேண்டும் என்று கூடத்திலிருந்து யாரும் கேட்டிருக்கவில்லை.